மூப்பின் பெயரால் மறைந்த நோய்

நினைவாற்றல், மொழி, திசையறிவு, தீர்மானிக்கும் திறன் ஆகியவை ஒவ்வொன்றாகத் தளர்ந்து, அன்றாட வாழ்வைப் பிறர் துணையின்றி நடத்த இயலாத அளவுக்கு முற்றும் மூளைக் கோளாறுகளை மருத்துவம் டிமென்ஷியா என்ற பொதுப்பெயரால் குறிக்கிறது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதடைவதால் விளைவது அதற்கு அடுத்த நிலையில் உள்ளது. இக்கோளாறுகள் மனித குலத்துக்குப் புதியவை அல்ல என்றாலும், முதியவர் ஒருவர் தம் பிள்ளைகளை அடையாளம் காணாமல் போவதை நோயென்று ஏற்று, அதற்கு மருத்துவமும் பராமரிப்பும் உரியவை என்று கருதும் வழக்கம் மிக அண்மையது. ஆய்வுக்கூடத்தில் நோய் கண்டறியப்பட்ட பின்னரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்த நோயால் துன்புற்றவர்களில் பெரும்பாலோர் அதன் எல்லைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதும், அதற்கு அறிவுக் குறைபாட்டைவிட ஒரு பாடநூலின் வகைப்பாடே பெரிய காரணமாக இருந்தது என்பதும் இந்த வரலாற்றின் வருந்தத்தக்க மையம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் நகரத்து மனநல மருத்துவர் எஸ்கிரோல், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும், இருந்த அறிவைப் பின்னர் இழந்தவர்களையும் இருவேறு பிரிவினராகக் காண வேண்டும் என்று 1838இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார். எனினும் அந்நாளைய மனநல விடுதிகளில் அறிவை இழந்தவர்கள் என்று அடைக்கப்பட்டிருந்தோருள் நடுவயது ஆண்கள் பலர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைத் தாக்கியிருந்தது, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பல்லாண்டுகளுக்குப் பின் மூளையை அழிப்பதால் வரும் பொது முடக்கம் என்ற நிலை. மருத்துவர்களின் கவனம் அதன்மேலேயே குவிந்தது. முதியவர்களின் மறதியோ, தமனிகள் தடித்து மூளைக்குக் குருதி குறைவதன் விளைவு என்றோ, மூப்பின் இயல்பான தேய்மானம் என்றோ சொல்லி ஒதுக்கப்பட்டது. குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள், மருத்துவமனைக்கு அல்லாமல், ஏழைகளுக்கான உழைப்பில்லங்களுக்கே அனுப்பப்பட்டனர்.

இந்த நிலைமையில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநல விடுதி சற்றே வேறுபட்ட இடமாக இருந்தது. குழந்தை இலக்கிய ஆசிரியராகவும் புகழ்பெற்ற ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற மருத்துவரின் முயற்சியால் நகரின் விளிம்பில் 1864இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை, அதன் கோபுரங்களைக் கண்ட ஊரார் பைத்தியக்காரர் கோட்டை என்றே அழைத்தனர். 1888இல் அதன் தலைமையை ஏற்ற எமில் ஸியோலி, நோயாளிகளைக் கட்டிவைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, பலர் சேர்ந்திருக்கும் கூடங்களில் செவிலியரின் கண்காணிப்பில் அவர்களை வைத்தார். கலக்கமுற்றவர்களை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் மணிக்கணக்கில் இருத்தி அமைதிப்படுத்தும் நீடித்த குளியல் முறையைப் புகுத்தினார். அதே ஆண்டின் இறுதியில் அவருக்கு உதவியாக வந்துசேர்ந்த இருபத்து நான்கு வயது மருத்துவர்தான் அலாய்ஸ் அல்சைமர். அடுத்த ஆண்டு அங்கு வந்த ஃபிரான்ஸ் நிஸ்ஸல், நரம்பணுக்களை, அதாவது மூளையின் அடிப்படை உயிரணுக்களை, சாயமேற்றித் துலக்கிக் காட்டும் முறையைக் கண்டறிந்தவர். பகலில் நோயாளிகளோடு உரையாடுவதும், பிறகு நுண்ணோக்கியின்முன் அமர்வதுமாகக் கழிந்த இவ்விருவரின் ஆண்டுகளில்தான், படுக்கையருகே கண்டதை இறந்தபின் திசுவில் தேடிப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் அல்சைமரிடம் வேரூன்றியது.

1901 நவம்பர் 25 அன்று, இரயில்வே எழுத்தர் ஒருவர் ஐம்பத்தொரு வயதான தம் மனைவி அகுஸ்டே டெட்டரை அந்த விடுதியில் சேர்த்தார். கணவர்மீது காரணமில்லாத சந்தேகத்தோடு தொடங்கிய மாற்றம், சமையலில் தவறுகள், பொருள்களை ஒளித்துவைத்தல், வீட்டுக்குள் நோக்கமின்றி அலைதல் என வளர்ந்திருந்தது. மறுநாள் அல்சைமர் அவரிடம் கேட்ட வினாக்களும் கிடைத்த விடைகளும் அப்படியே எழுதிவைக்கப்பட்டன. பெயரைக் கேட்டால் அகுஸ்டே என்றவர், குடும்பப் பெயரைக் கேட்டபோதும் அதையே சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டபோது சற்றுத் தயங்கிவிட்டு, அதுவும் அகுஸ்டே என்றே நினைப்பதாகச் சொன்னார். மதிய உணவில் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் உண்டுகொண்டிருந்தபோது, உண்பது என்னவென்று கேட்டதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்பதற்கான சொல்லை எழுதியதுமே மீதியை மறந்துவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய உரையாடல்களின் நடுவே, தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகப் பொருள்படும் ஒரு வாக்கியத்தையும் அவர் கூறியதாக ஏட்டில் உள்ளது. நோயாளியின் சொற்களைச் சுருக்கிக் குறிப்பெழுதும் வழக்கம் நிலவிய காலத்தில், அவற்றைச் சொன்னபடியே பதிந்த இந்த ஏடு மருத்துவ ஆவணமாக மட்டுமன்றி, நோயின் உள்ளிருந்து பேசிய ஒருவரின் சாட்சியமாகவும் மதிக்கத்தக்கது. பல்லாண்டுகள் காணாமற்போயிருந்த அந்த நீலநிறக் கோப்பு, 1995 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆவணக் கிடங்கில் கொன்ராட் மௌரரும் உடன் ஆய்ந்தவர்களும் தேடியபோது மீண்டும் கிடைத்தது.

அந்த ஏடு பராமரிப்பின் எல்லையையும் காட்டுகிறது. குளியல் தொட்டி, தூக்க மருந்து, சில வேளை தனியறை என்பவற்றுக்கு அப்பால் விடுதியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கட்டாமல் வைத்திருப்பதே அன்றைய கருணையின் உச்சமாக இருந்தது. கடைசி ஆண்டில் அகுஸ்டே முழங்கால்களை மடக்கிச் சுருண்டபடி படுக்கையிலேயே கிடந்தார். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 1906 ஏப்ரல் 8 அன்று அவர் இறந்ததற்கு, அசைவின்றி ஒரே நிலையில் கிடப்பதால் தோலும் சதையும் அழுகும் படுக்கைப்புண்ணிலிருந்து குருதியில் பரவிய நச்சும், நுரையீரல் அழற்சியும் உடனடிக் காரணங்களாயின. உலகின் முதல் அல்சைமர் நோயாளி என்று இன்று குறிக்கப்படுபவர் படுக்கைப்புண்ணால் இறந்தார் என்பதை நோயின் வரலாற்றை எழுதுவோர் ஓரிரு சொற்களில் கடந்துவிடுவதுண்டு. பராமரிப்பின் வரலாற்றுக்கோ அதுவே தொடக்கப்புள்ளி.

அதற்குள் மியூனிக் நகரில் எமில் கிரேப்பெலினின் மருத்துவ நிறுவனத்துக்கு மாறியிருந்த அல்சைமருக்கு அந்த மூளையும் நோயேடும் அனுப்பிவைக்கப்பட்டன. மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி சிறிது காலத்துக்கு முன் வகுத்திருந்த வெள்ளிச் சாய முறையில் ஆய்ந்தபோது, மூளையின் மேலுறையான புறணி சுருங்கியிருந்ததும், நரம்பணுக்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலானவற்றின் உள்ளே நுண்ணிழைகள் தடித்து முறுக்கேறிக் கிடந்ததும், அணுக்களுக்கு இடையே விதை போன்ற படிவுகள் புறணியெங்கும் சிதறியிருந்ததும் தெரிந்தன. முன்னவை இன்று நரம்பிழைச் சிக்கல்கள் என்றும், பின்னவை அமிலாய்டு என்ற புரதத்தால் ஆன படிவுகள் என்றும் அறியப்படுகின்றன. 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய தென்மேற்கு ஜெர்மன் மனநல மருத்துவர்களின் மாநாட்டில் அல்சைமர் இதை எடுத்துரைத்தபோது ஒருவரும் வினா எழுப்பவில்லை; அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையும் மிகச் சிறியது.

அதே 1907இல் பிராகா நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்ற இளம் மருத்துவர், முதுமையில் அறிவிழந்து இறந்த பதினாறு பேரின் மூளைகளை ஆய்ந்து, பன்னிரண்டில் அதே படிவுகளைக் கண்டதாக வெளியிட்டார். ஐம்பதுகளில் இருந்த பெண் ஒருவரிடம் அல்சைமர் கண்டதை ஃபிஷர் சாதாரண முதியவர்களிடம் கண்டார் என்பதும், இரண்டையும் இணைத்துப் படித்திருந்தால் இருவரும் ஒரே நோயைப் பார்த்தனர் என்ற முடிவுக்கு அப்போதே வந்திருக்க முடியும் என்பதும் கவனிக்கத்தக்கவை. யூதக் குடும்பத்தில் பிறந்த ஃபிஷர் பின்னாளில் பல்கலைக்கழகப் பணியை இழந்து, 1942இல் நாஜிகளின் தெரெசின் சிறைக்கோட்டையில் உயிரிழந்தார். அவருடைய பங்களிப்பு உரிய மதிப்பைப் பெறுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

வரலாற்றைத் திருப்பியது கிரேப்பெலினின் பாடநூல். 1910இல் வெளிவந்த அதன் எட்டாம் பதிப்பில், அல்சைமர் விவரித்த நிலைக்கு அவருடைய பெயரையே சூட்டிய கிரேப்பெலின், இது முதுமை மறதியின் கடுமையான வடிவமா, வயதைச் சாராத தனி நோயா என்பது தெளிவாகவில்லை என்ற தயக்கத்தோடுதான் எழுதினார். அல்சைமருக்கே இதைத் தனி நோயாகக் கொள்வதில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. பிராகா ஆய்வுக்கூடத்தோடு இருந்த போட்டியும், மனநோய்க்கு உடல்சார்ந்த காரணம் உண்டு என்று நிறுவும் விருப்பமும் கிரேப்பெலினை விரையச் செய்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். எதுவாயினும், பாடநூலைப் படித்த தலைமுறைகள் தயக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. அறுபத்தைந்து வயதுக்கு முன் வந்தால் அது அல்சைமர் என்ற அரிய நோய், அதற்குப் பின் வந்தால் மூப்புத் தளர்ச்சி என்ற எல்லைக்கோடு நிலைபெற்றது. திசுவில் ஒரே மாற்றத்தைச் சுமந்த இருவருள், நாற்பத்தொன்பது வயதுக்காரர் மருத்துவப் புதிராகவும் எழுபத்தொன்பது வயதுக்காரர் மருத்துவத்துக்குத் தொடர்பற்றவராகவும் ஆயினர். இத்தனை பேருக்கு இத்தனை காலம் தீங்கு விளைத்த வகைப்பாடுகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் மனநல விடுதிகளில் அடைந்து கிடந்த முதியவர்கள். நியூயார்க் மாநிலம் 1890இல் இயற்றிய சட்டத்தால் மனநோயாளிகளின் செலவு உள்ளூர் நிர்வாகங்களிடமிருந்து மாநிலத்துக்கு மாறியதும், உள்ளூர் ஏழையில்லங்களில் இருந்த முதியவர்கள் மனநோயாளிகளாக மறுபெயர் பெற்று மாநில மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர்; இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மனநல விடுதிகள் பெருமளவில் முதியோர் காப்பிடங்களாகவே மாறிப்போயின. ஜெர்மனியில் நடந்தது இதனினும் கொடியது. 1940, 1941 ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட விடுதி நோயாளிகளை நச்சுவாயுவால் கொன்ற நாஜி அரசின் திட்டத்துக்காக மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட படிவத்தில், விவரம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் வரிசையில் முதுமையால் வரும் மனநோய்களும் இடம்பெற்றிருந்தன. குணப்படுத்த முடியாதவர், உழைக்க முடியாதவர் என்ற இரு அளவுகோல்களுக்கு முன்னால், மறதியுற்ற முதியவருக்குச் சார்பாகப் பேச மருத்துவத்திடம் அப்போது ஒரு நோயின் பெயர்கூட இருக்கவில்லை.

பராமரிப்பில் மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. இலண்டன் புறநகரில் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம், அருகிலிருந்த உழைப்பில்லத்தின் நோயாளர் பிரிவும் 1935இல் ஒப்படைக்கப்பட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட அந்த நோயாளிகளுள் பலர், எதனால் படுத்தார்கள் என்பதை ஒருவரும் ஆராயாமலேயே ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, மறதியுற்றவர்களையும் உடல்நோயால் முடங்கியவர்களையும் வேறுபடுத்தி, எழுந்து உட்காரவும் நடக்கவும் பயிற்றுவித்து, கூடங்களுக்கு வெளிச்சமும் வண்ணமும் கைப்பிடிகளும் சேர்த்தபோது, கணிசமானோர் வீடு திரும்பும் நிலைக்கு வந்தனர். படுக்கையில் கிடத்தி வைப்பதே முதியவரை ஊனமாக்குகிறது என்ற அவருடைய வாதம் முதியோர் மருத்துவம் என்ற தனித்துறைக்கு வித்திட்டது. அகுஸ்டே டெட்டரின் உயிரைப் பறித்த புண்ணுக்கு விடை நுண்ணோக்கியிலிருந்து வரவில்லை. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் கையிலிருந்தும், கைத்தாங்கலாக நடத்திச்செல்லும் பொறுமையிலிருந்தும் வந்தது.

நுண்ணோக்கியும் பராமரிப்பும் முதன்முதலாகச் சந்தித்த இடம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரம். மனநல மருத்துவர் மார்ட்டின் ராத், முதியோர் மனநோய்கள் அனைத்தும் ஒன்றல்ல என்றும், மனச்சோர்வு நோயால் மறதியுற்றவர்போலத் தோன்றும் முதியவர் தேறிவிடுகிறார் என்றும் 1955இல் காட்டியிருந்தார். அவரோடு கேரி பிளெஸட், நோய்க்கூறியலாளர் பெர்னார்ட் டாம்லின்சன் ஆகியோர் இணைந்து 1960களில் நடத்திய ஆய்வு, எளிமையால் வலிமை பெற்றது. முதியவர் உயிரோடிருக்கும்போதே, அவரால் உடுத்திக்கொள்ள முடிகிறதா, கரண்டியால் உண்ண முடிகிறதா, வீட்டுக்குள் வழி தெரிகிறதா என்று உறவினரிடம் கேட்டு மதிப்பெண் இடப்பட்டது. நினைவாற்றல் தனியே சோதிக்கப்பட்டது. இறந்தபின் மூளைப் புறணியில் இருந்த படிவுகள் எண்ணப்பட்டன. படிவுகள் மிகுந்த அளவுக்கு வாழ்நாளில் இயலாமையும் மிகுந்திருந்தது என்பது 1968இல் வெளியானது. மறதியுற்று இறந்த ஐம்பது முதியவர்களின் மூளைகளை ஆய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ பாதியில் அல்சைமர் விவரித்த மாற்றங்களே முதன்மையாக இருந்தன. தமனித் தடிப்பே காரணம் என்ற பழைய விளக்கம் சிறுபான்மையினருக்கே பொருந்தியது. வீட்டில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களின் சொல் இங்கே முதன்முறையாக அறிவியல் அளவீடாக ஏற்கப்பட்டது என்பது இந்த ஆய்வின் பேசப்படாத சிறப்பு.

1910இன் எல்லைக்கோட்டை முறையாக அழித்தவர் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன். அறுபத்தைந்துக்கு முன் வருவதும் பின் வருவதும் ஒரே நோய் என்று கொண்டால், அது நாட்டின் இறப்புக் காரணங்களில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ அமையும் என்று 1976இல் அவர் எழுதிய சிறு தலையங்கம், அரிய நோயொன்றை ஒரே நாளில் பெருந்திரள் நோயாக்கியது. 1974இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் பட்லர், மூப்பு என்ற பொதுப்பொருளுக்கு நிதி கிடைப்பது அரிது, ஒரு நோயின் பெயருக்குக் கிடைக்கும் என்பதை உணர்ந்து, அல்சைமர் நோயையே முன்னிறுத்தினார். கனடாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1978க்கும் 1980க்கும் இடையே நோயாளிகளின் குடும்பத்தினர் சங்கங்களை அமைத்தனர். 1984இல் அவை இணைந்து உலகளாவிய கூட்டமைப்பாயின. 1981இல் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் ஆகியோர் குடும்பத்தினருக்காக எழுதிய கையேடு, இரவில் அலைபவரை எப்படிக் கையாள்வது, குளிக்க மறுப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பன போன்ற வினாக்களை அச்சேற்றி, அதுவரை வீட்டுச் சுவர்களுக்குள் வெட்கத்தோடு மறைக்கப்பட்ட உழைப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் இருந்தது. நிதி ஆய்வுக்கூடங்களுக்குப் பாய்ந்த அளவுக்குப் பராமரிப்புக்கு வரவில்லை. 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்ரின், 1996இல் வந்த டோனெபெசில் ஆகிய மருந்துகள் நரம்புச் செய்திகளைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் காத்துச் சிறிது காலம் அறிகுறிகளைத் தணிப்பவையே தவிர நோயை நிறுத்துபவை அல்ல. அமிலாய்டை அகற்றி 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப்பும் தொடக்க நிலையில் உள்ளோரிடம் சரிவின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் 1980களின் இறுதி முதல் முன்வைத்த வாதம் இந்த இடைவெளியில்தான் முளைத்தது: நோயாளியைக் குழந்தைபோல் அதட்டுவதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவதும், அவரால் முடிந்ததையும் பறித்துச் செய்துவிடுவதும் மூளைப் பழுதுக்கு மேலாக ஒரு சரிவை உண்டாக்குகின்றன, ஆகவே நோயைவிட மனிதரை மையமாகக் கொண்டதாகப் பராமரிப்பு அமைய வேண்டும். சமூக உறவால் மூளைப் பழுதே மாறும் என்ற அளவுக்கு அவர் சென்ற இடங்கள் ஐயத்துக்குரியவை. கூடங்களில் அவர் கண்டு பதிவுசெய்த அவமதிப்புகளோ மறுக்க முடியாதவை.

இந்தியாவில் இந்த வரலாறு காலந்தாழ்ந்தே தொடங்கியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசனின் முயற்சியால் 1978இல் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு உருவானது. 1992இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் அல்சைமர் சங்கம் அமைக்கப்பட்டது. 1990களில் செங்கல்பட்டு வட்டாரக் கிராமப்புறத்தில் நடந்த கணக்கெடுப்பு, அறுபதைக் கடந்தோரில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பேருக்கு டிமென்ஷியா இருப்பதைக் காட்டியது. நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அந்நாடுகளைப் பற்றிய ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதையே பெயராகச் சூடி 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக் குழு, சென்னையையும் வேலூரையும் தன் களங்களாகக் கொண்டது. மேலைநாட்டுச் சோதனைகள் வாக்கியம் எழுதச் சொல்வதும் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதுமாக இருந்ததால், பள்ளிக்கூடமே காணாத, ஆனால் தெளிந்த அறிவுடைய மூதாட்டி ஒருவர் அவற்றில் நோயாளியாகிவிடுவார். எழுத்தறிவைச் சாராத சோதனைகளைத் தமிழில் வகுக்க வேலூரில் நடந்த முயற்சியும், பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு கல்வியால் திரியாத கண்டறிதல் முறையொன்றை அக்குழு 2003இல் வெளியிட்டதும் இந்தச் சிக்கலைத் தீர்க்க எடுக்கப்பட்ட அடிகள்.

அறுபதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நோயின் பரவல் ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் மிகுந்திருந்தது. இவர்களுள் மிகப் பெரும்பாலோரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் மனைவியரும் மகள்களும் மருமகள்களுமே. தூக்கமின்மை, வருமான இழப்பு, அக்கம்பக்கத்தாரின் பழிச்சொல் ஆகிய அனைத்தையும் சுமக்கும் இவர்களுக்குப் பயிற்சியோ ஓய்வோ கொடுக்கும் ஏற்பாடு இன்றளவும் மிகச் சில ஊர்களிலேயே உண்டு. கோவாவில் நடத்தப்பட்டு 2008இல் முடிவு வெளியான ஆய்வில், மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் சிலர் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, நோயைப் பற்றி விளக்கினர். அலைச்சலையும் சினத்தையும் கையாளும் வழிகளைக் கற்றுக்கொடுத்தனர். அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றனர். நோயாளிகளின் செயல்திறனில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை என்றாலும், அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களின் மனவேதனை அளவிடத்தக்க வகையில் குறைந்தது.